ஹெலன் வீட்டுக் கைதியும் எங்கள் வீட்டுப் படமும்

1

ஒவ்வொரு ஆவணியிலும் என் தம்பி நேசனுக்குத் திவசம் கொடுக்கிறோம். வாழைக்காய்க் கறி, பருப்பு, பாயாசம் எல்லாம் முறையாக நடக்கும். படத்துக்குப் புது மாலை வரும். ஐயரை மட்டும் கூப்பிடுவதில்லை. அந்த அளவுக்கு எனக்கு நெஞ்சழுத்தம் போதாது. ஏனென்றால் நேசன் சாகவில்லை. திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான் என்று நான்கு வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதன் பிறகு அந்த மனிதருடன் நான் பேசுவதில்லை.

இந்த வருடத் திவசத்துக்கு மகள் அபி வரவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது, வயிற்றில் ஆறு மாதம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். மத்தியூ என்பவரைக் கட்டிக்கொண்டு, மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கிறாள். காலையில் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, குறை நினையாதேங்கோ. ஹெலன் வீட்ட சாமுவேலின்ர பேப்பர் வந்திட்டுதாம். பேந்து வந்து சித்தப்பாவைக் கும்பிடுறன்."

ஹெலன் மத்தியூவின் தாய், எங்கள் சம்பந்தியம்மா. சாமுவேல் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் நாடு கடத்தப்பட்ட கைதி.

"செத்தவனை விட்டிட்டுக் கள்ளனைப் பாக்கப் போறாள்" என்றாள் என் மனைவி கமலா. பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் செத்தவன் உயிரோடிருக்கிறான். கள்ளன்தான் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு பேரும் பாயாசத்தைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

2

அடுத்த ஞாயிறு ஹெலன் எங்கள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய தகப்பன் இளம் வயதில் ஆஸ்திரேலியத் தீவான தஸ்மேனியாவிலிருந்து மொன்றியலுக்கு வந்தவராம். ஓய்வெடுத்த நாளிலிருந்து ஹெலனுக்கு ஒரே வேலை, சாமுவேலைத் தேடுவது. எங்கள் பக்கத்தில் குடும்பத்தில் ஒரு கள்ளன் இருந்தால் மூன்று தலைமுறைக்கு மூடி மறைப்போம். ஹெலனோ அவனைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

சாமுவேலின் கதை பெரிதில்லை. நெசவாலை ஒன்றில் வேலை செய்தவன். இரண்டு கம்பளிப் போர்வையும் ஒரு சோடிச் சப்பாத்தும் எடுத்தான். ஏழு வருடத் தண்டனை. நான்கு மாதம் கப்பலின் அடித்தட்டில் கிடந்து கரையிறங்கியபோது, ஓர் எழுத்தர் அவனை மாடு வாங்குகிறவர் போல மேலும் கீழும் பார்த்து எழுதியிருக்கிறார். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். பழுப்பு முடி. சாம்பல் நிறக் கண். இடது கையில் நங்கூரம் பச்சை குத்தியது. வலது சுண்டுவிரல் வளைந்தது. அதற்குக் கீழே அவன் பட்ட அடிகள். பண்ணைக்காரனை முறைத்துப் பார்த்ததற்கு இருபத்தைந்து சவுக்கடி. திரும்பவும் முறைத்ததற்கு முப்பத்தாறு.

அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அடித்தவர்கள் ஒவ்வோர் அடியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பட்டதை எழுத எவன் இருந்தான்?

புதிதாக வந்த பேப்பரை ஹெலன் உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். அதில் இருந்ததையும் மேசையில் பேசியதையும் அபி எனக்கும் கமலாவுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமுவேல் தன் மனைவியைக் கப்பலில் அனுப்பி வைக்கும்படி அரசாங்கத்துக்கு எழுதிய மனு அது. அப்படி அனுப்புகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்ததாம். அதிகாரிகள் இங்கிலாந்தில் விசாரித்திருக்கிறார்கள். மனுவின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி: தன் கணவன் இறந்துவிட்டான் என்று அந்தப் பெண் சொல்கிறாள். அவள் அதற்கு முந்திய வருடமே விதவை என்று பதிந்து வேறொருவனைக் கட்டிவிட்டாள்.

மேசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அப்படிச் செய்திராவிட்டால் சாமுவேல் அங்கே இரண்டாம் தாரம் கட்டியிருக்க மாட்டான், நாங்களும் இங்கே இருந்திருக்க மாட்டோம் என்று மத்தியூ பிரெஞ்சில் சொன்னார். அதற்கும் சிரிப்பு. அபி சிரிக்கவில்லை. சாமுவேல் உயிரோடிருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று ஹெலனைக் கேட்டாள். தெரியும், அவன் எழுதிய கடிதத்தைப் பாதிரியார் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார் என்றார் ஹெலன்.

அபி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "என்ன மனிசி அப்பா இவள். உயிரோட இருக்கிறவனை."

"அந்தக் காலம், பிள்ளை. அவளுக்கும் சீவிக்க வேணுமே" என்றேன்.

"அதுக்கு?"

இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தேன். கமலா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அபி காரின் முன்சீட்டிலிருந்து கேட்டாள். "சித்தப்பாவுக்கு இப்பிடி ஒரு பேப்பரும் இல்லையா? எங்க தாட்டது, எங்க எரிச்சது எண்டாவது தெரியாதா?"

மகளின் கண்ணில் நான் யார் என்பதை அவளுடைய அந்தக் கேள்வி தீர்மானித்துவிடும் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

3

நேசனை நான் கொன்றது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சமையலறை மேசையில். வந்த புதிது. அகதி விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒருவர் இருந்தார், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பி, இது காணாது. வீட்டில ஒரு சாவு வேணும்."

கறிக்கு உப்புக் காணாது என்பது போலத்தான் சொன்னார். நான் யோசித்தேன். அப்பா நோயில் போனவர், அது உதவாது. அம்மாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. மிஞ்சியது நேசன். இலங்கை ஆமி பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டது என்று மாஸ்டர் எழுதினார். பத்திரிகையில் மரண அறிவித்தல் ஒன்று வந்தால் கேஸ் பாரமாக இருக்கும் என்றார். பயணம் வரும்போது நேசன் தந்துவிட்ட படத்தை அதற்குக் கொடுத்தேன்.

சனம் பத்திரிகை வாசிக்கும் என்பதை நான் நினைக்கவில்லை. அறிவித்தல் வந்த அன்றே திருகோணமலை ஆட்கள் என் அறைக்கு வந்துவிட்டார்கள். நேசனோடு ஒன்றாகப் படித்த ஒருவர் சுவரில் தலையை முட்டி அழுதார். மட்டக்களப்பார் இரண்டு பேர் சோறு சமைத்துக்கொண்டு வந்தார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கையும் அவர்களே முன்னின்று செய்தார்கள். எல்லோரும் சாப்பிட, நானும் சாப்பிட்டேன். பசித்தது.

நேசனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "செத்ததாச் சொன்னா ஆயுசு கூடுமாம் அண்ணை. உங்கட அலுவல் நடந்தாச் சரி."

விசாரணையில் நான் அழுத அழுகைக்கு மொழிபெயர்க்க வந்த பெண்ணும் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஓம் என்று சொன்னார்கள். பிறகு கமலா வந்தாள், அபி பிறந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு வந்த சனம் வீட்டுக்கு வந்துபோகிற சனம்தான். ஆகவே படத்தைக் கழற்ற முடியவில்லை, திவசத்தை விட முடியவில்லை. அபி நடக்கப் பழகிய காலத்திலிருந்து அந்தப் படத்துக்கு முன்னால் கைகூப்பி வளர்ந்தாள். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிள்ளை பள்ளியில் யாரிடமாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

4

குடியுரிமைக்கு நான் பல வருடம் விண்ணப்பிக்கவே இல்லை, பழைய கோப்பை யாரும் திறக்கக் கூடாது என்று. பிறகு விண்ணப்பித்து இரண்டு தரம் பரீட்சையில் கோட்டை விட்டேன். மூன்றாம் தரம் பாஸ். சத்தியப்பிரமாணத்துக்கு மூன்று கிழமை இருந்தபோது ஒரு தொலைபேசி வந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஆமி நேசனை உண்மையாகவே தேடத் தொடங்கியிருந்தது. அவன் மீன்பிடி வள்ளத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரு தீவு முகாமில் அடைபட்டிருந்தான். சாமுவேலைச் சங்கிலி போட்டுக் கொண்டுபோன நாட்டுக்கு என் தம்பி தானாகவே போய்ச் சங்கிலி கேட்டான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"அண்ணை, தமையன் கனடாவில இருக்கிறார் எண்டு சொன்னன். இவங்கள் கனடாவைக் கேட்டுப் பாத்திருக்கிறாங்கள். அந்த ஆளின்ர தம்பி செத்துப் பல வருசம் எண்டு பதில் வந்திருக்கு. இப்ப நான் செத்தவன்ர பேரில வந்த கள்ளனாம்." அப்போதும் அவன் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "ஒரு கடிதம் தாங்கோ. நான் உயிரோட இருக்கிறன் எண்டு ஒரு வரி காணும்."

அவனுக்காக இலவசமாக வழக்குப் பேசிய அம்மணி ஒருவரிடமிருந்து ஒரு கிழமையில் கடிதம் வந்தது. இந்த நபர் உங்கள் சகோதரரா? வலது புருவத்தில் தழும்பு இருக்கிறது, அது எப்படி வந்தது என்பது தன் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார், அதை எழுதி எனக்கும் முகாம் அதிகாரிக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவீர்களா?

கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது அபி. பன்னிரண்டு வயது. இந்த நகரத்தில் எங்கள் பிள்ளைகள்தான் எங்கள் எழுத்தர்கள். மின்சாரப் பில், வீட்டுக்காரன் அனுப்பும் நோட்டீஸ், வரிக் காகிதம் எல்லாம் அவர்கள் கையால்தான். கமலாவின் கர்ப்பப்பைக் கதையை டாக்டருக்குப் பிரெஞ்சில் சொன்னபோது அபிக்கு ஒன்பது வயது. அவள் நீட்டும் இடத்தில் நான் கையெழுத்து வைப்பேன்.

"ஆர் அப்பா இது?" என்று கேட்டாள்.

"ஆரோ ஒரு கள்ளன். சித்தப்பான்ர பேரை வச்சு ஏமாத்துறான். பதில் எழுதுவம், கொம்பியூட்டரில அடி."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். என் தம்பி இறந்துவிட்டார். இந்த நபரை எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் நான் சொன்னது. அபிக்கு அது போதவில்லை. தினமும் கும்பிடுகிற சித்தப்பாவுக்காக அவளுக்குக் கோபம் வந்திருந்தது. துக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு இப்படிச் செய்வது பெரிய கொடுமை என்று தானாகவே ஒரு வசனம் சேர்த்தாள். கடைசியில், பிரெஞ்சு வகுப்பில் அந்தக் கிழமை படிப்பித்த கடித முடிவை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள்: அம்மணி, தங்கள் மீது நான் கொண்டுள்ள மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருள்க. ஆங்கிலத்தில் எவரும் அப்படி எழுத மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. மரியாதையாக இருக்கிறது என்று மெச்சினேன்.

கையெழுத்து வைத்தேன். தெருமுனையில் தெப்பனர் என்கிற பெட்டிக்கடையில் முத்திரை வாங்கி இரண்டு பிரதியையும் நானே தபாலில் போட்டேன். மூன்றாம் கிழமை கொடிக்குக் கீழே நின்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். அபி பக்கத்தில் நின்று தேசிய கீதத்தைப் பிரெஞ்சில் பாடினாள். அன்று எடுத்த படமும் நேசனின் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

நேசன் அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. அவனை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள் என்றும், இறங்கிய இடத்திலேயே பிடித்துப் பதினெட்டு மாதம் வைத்திருந்தார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்வதுதான் என் வேலை. சில நாட்களில், கடைசி வரிசையை முதலில் முடியுங்கள் என்பார்கள். திருப்பி அனுப்பப்படுகிறவரை மற்றப் பயணிகளுக்கு முன்பே ஏற்றி அங்கேதான் இருத்துவார்கள். அந்தச் சீட்டின் பட்டியை நேராக்கி மடித்து வைப்பேன். எத்தனையோ தரம் வைத்திருக்கிறேன்.

5

பிறக்கப்போகும் பிள்ளைக்காக அபி ஒரு வம்ச வரைபடம் தயாரித்தாள். ஹெலனின் பக்கம் சாமுவேல் வரைக்கும், அவனுடைய சவுக்கடி வரைக்கும், கொட்டிக் கிடந்தது. எங்கள் பக்கம் வெறும் பெட்டிகள்.

"விடு பிள்ளை, போனது போனதுதான்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். அவள் விடவில்லை. தேடுகிற வித்தையை ஹெலன் பழக்கிவிட்டிருந்தார். சுவரில் இருந்த படத்தை மாலையோடு தன் கைபேசியில் எடுத்து, திருகோணமலைக்காரர்களின் முகநூல் குழு ஒன்றில் போட்டாள். இவர் என் சித்தப்பா, இவருடைய கடைசி நாட்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று தன் பிள்ளைத் தமிழில் எழுதியிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. ஆச்சரியம் தரவேண்டுமாம்.

ஒரு புதன்கிழமை மதியம் நான் காலை வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றேன். அபி மூச்சிரைக்க வந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தது.

"அப்பா, முதல் இருங்கோ. பதறாதேங்கோ. சித்தப்பா உயிரோட இருக்கிறார்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கைபேசியை நீட்டினாள். நரைத்த தலையோடு ஒரு மனிதன் கழற்றிப் போட்ட எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றான். துக்கத்தை நடிக்க எனக்குத் தெரியும். சந்தோஷத்தை நடிக்க நான் பழகியிருக்கவில்லை. கமலா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். மகிழ்ச்சியில் பேச்சு நின்றுவிட்டது என்று அபி நினைத்து என் முதுகைத் தடவினாள்.

"அவரின்ர நம்பர் எடுத்திட்டன். இப்ப வருவார் வீடியோவில" என்றாள்.

6

நேசன் கைபேசியை இடது காதுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டான். வலது காது கேளாதாம். புருவத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது.

"ஆர், அபியோ? நீ பிறக்க முதலே செத்த சித்தப்பன் நான்."

அபி சிரித்தாள், அழுதாள். படத்தைக் காட்டச் சொன்னான். காட்டினாள். அவன் கிட்டக் குனிந்து பார்த்தான். "மாலை நல்ல மாலை. அண்ணை ஒரு குறையும் விடேல்லை."

"சித்தப்பா, எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆரோ அப்பாவுக்குப் பிழையாச் சொல்லியிருக்கினம்."

நேசன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்தேன். அவன் நினைத்திருந்தால் அந்த இடத்தில் பேசாமல் விட்டிருக்கலாம். நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

"பிழையாச் சொன்னதோ? ஒரு பேப்பர் அனுப்புறன், பிள்ளை. உனக்கு இங்கிலிஷ் தெரியும்தானே. வாசி."

முகாமில் அவனை நிராகரித்தபோது காரணக் காகிதங்களின் பிரதிகளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை அவன் பத்திரமாக வைத்திருந்தான்; அதில் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினான். அபி வாசித்தாள். முதல் வரியில் அவள் முகம் என் பக்கம் திரும்பியது. அந்த முகத்தில் சாமுவேலின் மனைவிக்குக் காட்டிய வெறுப்பைக் கண்டேன். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவள் கடைசி வரிக்குப் போனாள். மேலான உணர்வுகளின் வெளிப்பாடு. அங்கே நின்றாள். உதடு அந்த வரியைத் திரும்பச் சொன்னது.

"இது என்ர கடிதம்" என்றாள்.

நேசனுக்கு விளங்கவில்லை. "என்ன பிள்ளை?"

"இதை அடிச்சது நான், சித்தப்பா. எனக்குப் பன்ரெண்டு வயசு. கள்ளன் எண்டு அப்பா சொன்னவர்."

அவன் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "பெரிய கொடுமை எண்டு ஒரு வசனம் இருக்கு. அதுவும் நீயோ?"

"ஓம். அது நானாச் சேத்தது."

"அதைத்தான் அந்த ஆபீசர் ரெண்டு தரம் வாசிச்சவன்" என்றான் நேசன். அவனுக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை, அல்லது மனம் வரவில்லை. பேந்து எடுக்கிறன் என்று சொல்லிக் கைபேசியை வைத்தான்.

அபி எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினாள். மாலையை உருவி மேசையில் போட்டாள். தன் மடிக்கணினியைத் திறந்து, பன்னிரண்டு வயதில் இருந்த அதே கதிரையில் இருந்தாள். "சொல்லுங்கோ. தம்பி உயிரோட இருக்கிறான், நான் பொய் சொன்னனான் எண்டு. குடிவரவு ஒபீசுக்கு."

சொல்லத் தொடங்கினேன். இரண்டு சொல் அடித்திருப்பாள். கையை எடுத்துவிட்டாள்.

"ஏலாது அப்பா. இனி உங்கட கடிதத்தை நீங்களே எழுதுங்கோ."

கணினியை மூடினாள். படத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இரண்டு மாதமாகிறது. கமலா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். பிள்ளை எந்த நாளும் பிறக்கலாம்.

என் ஆங்கிலம் விமானத்துக் குப்பை அளவு. பிரெஞ்சு அதுவும் இல்லை. எனக்கு எழுதத் தெரிந்த மொழி இது ஒன்றுதான். ஆகவே இதில் எழுதுகிறேன். குடியுரிமையைப் பறிப்பதானால் பறிக்கட்டும். யாராவது இதை மொழிபெயர்த்துச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நேசன் என் தம்பி. உயிரோடிருக்கிறான். உயரம், என்னைவிட இரண்டு அங்குலம் கூட. வலது காது கேளாது; அது என் கடிதத்துக்குப் பிறகு, அந்தப் பதினெட்டு மாதத்தில் நடந்தது. வலது புருவத்தில் தழும்பு. அவனுக்கு ஏழு வயதில் நான் எறிந்த கல் பட்டது. வீட்டில் ஆர் எறிந்தது என்று கேட்டார்கள். தானே விழுந்ததாகச் சொல்லிவிட்டான்.